பாட்டு பதிய எந்த சாஃப்ட்வேர்? காசு கொடுக்கும் முன் வீட்டிலேயே சோதித்துப் பார்க்க...

இந்தக் கோடை விடுமுறை முழுக்க எங்கள் மாடி அறைதான் ஸ்டுடியோ. மகள் பாட, மகன் கீபோர்டு வாசிக்க, பதிவு செய்ய எந்த சாஃப்ட்வேர் சரிப்படும் என்று நான்கைந்தை இறக்கிப் பார்த்தோம். மைக், இன்டர்ஃபேஸ், ஹெட்போன் எல்லாம் வாங்கி வைத்துவிட்டு, சாஃப்ட்வேரில் மட்டும் முடிவெடுக்க முடியாமல் நிற்கும் வீடுகள் நிறைய இருக்கின்றன. ஏ.ஆர்.ரஹ்மான் தன் வீட்டுக் கொல்லைப்புறத்தில்தான் ஸ்டுடியோ போட்டார். பில்லி ஐலிஷின் 2019 ஆல்பத்தை அவருடைய அண்ணன் வீட்டுப் படுக்கையறையில் லாஜிக் ப்ரோவை வைத்தே பதிந்தார். வீடு எதற்கும் தடையில்லை. எங்களுக்குக் கை கொடுத்த குறிப்புகளை உங்களோடும் பகிர்ந்துகொள்கிறேன்.

1. எந்த சாஃப்ட்வேரை இறக்கினாலும் ஒரே பாட்டை வைத்துச் சோதியுங்கள். குரல், தம்புரா, ஒரு தாள வாத்தியம், ஒரு கீபோர்டு என்று மூன்று நிமிடப் பாட்டு போதும். பதிவில் தொடங்கி எம்பி3 கையில் வரும்வரை முடித்துப் பாருங்கள். வசதிப் பட்டியலைப் படித்துத் தெரியாதது, ஒரு பாட்டை முடிக்கும்போது தெரிந்துவிடும்.

2. ட்ரையல்களை எல்லாம் ஒரே நாளில் இறக்கிவிடாதீர்கள். ஆரம்பித்த நிமிடத்திலிருந்து நாள் எண்ணத் தொடங்கிவிடும். ஒன்றை முடித்த பிறகே அடுத்ததைத் திறந்தால் ஒருநாளும் வீணாகாது.

3. ரீப்பர் 60 நாள், மேக் வைத்திருப்பவர்களுக்கு லாஜிக் ப்ரோ 90 நாள், ஏபிள்டன் லைவ் 30 நாள் இலவசம். வரிசையாகப் போட்டால் ஆறு மாதம் பைசா செலவில்லாமல் ஓடிவிடும். பரீட்சை நேரத்தில் தொடங்காமல் லீவு விட்டதும் தொடங்குங்கள்.

4. எஃப்எல் ஸ்டுடியோவின் ட்ரையலுக்கு நாள் கணக்கே கிடையாது. ஆனால் சேமித்த பாட்டை, காசு கொடுத்து வாங்கும்வரை மறுபடி திறக்க முடியாது. அதனால் ஒரே உட்காரலில் முடித்து, மூடும் முன் வேவ் ஃபைலாக எக்ஸ்போர்ட் செய்துவிடுங்கள்.

5. ட்ரையலில் கிடைப்பது பெரும்பாலும் விலை கூடிய பதிப்பு. அதில் ஆசைப்பட்டுப் பழகிவிட்டு விலை குறைந்த பதிப்பை வாங்கினால், பழகிய வசதி பாதி இருக்காது. நிறுவனத்தின் ஒப்பீட்டு அட்டவணையை வைத்து, நீங்கள் உண்மையில் தொட்ட வசதிகளை மட்டும் டிக் அடித்துக்கொண்டே வாருங்கள். எந்தப் பதிப்பில் எல்லா டிக்கும் அடங்குகிறதோ அது போதும்.

6. அந்த அட்டவணையில் முதலில் தேட வேண்டியது, மைக்கில் குரல் பதிய முடியுமா என்பதை. விலை குறைந்த பதிப்பாயிற்றே என்று வாங்கிய பிறகு, லூப் அடுக்க மட்டும்தான் முடியும், குரல் பதிய முடியாது என்று தெரிந்தால் மனசு கஷ்டமாகிவிடும்.

7. இன்டர்ஃபேஸ், மிடி கீபோர்டு வந்த அட்டைப்பெட்டியைத் தூக்கிப் போடாதீர்கள். ஏபிள்டன் லைவ் லைட், கியூபேஸ் எல்இ போன்ற சின்னப் பதிப்புகளுக்கான கோடு பல கருவிகளோடு சும்மாவே வருகிறது. நாங்கள் ஒரு வருடம் அலமாரியில் கிடந்த பெட்டியைத் திறந்தபோதுதான் அந்தச் சீட்டைப் பார்த்தோம். பழைய இன்டர்ஃபேஸ் வாங்குகிறவர்கள், கோடு பயன்படுத்தியாகிவிட்டதா என்று கேட்டுவிட்டு விலை பேசுங்கள்.

8. நிஜமாகவே இலவசமாகவும் நல்லவை இருக்கின்றன. மேக், ஐபேட், ஐபோன் என்றால் கராஜ்பேண்ட்; விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றுக்கும் வேவ்ஃபார்ம் ஃப்ரீ. ப்ரோ டூல்ஸ் இன்ட்ரோவில் 8 ஆடியோ டிராக், 8 இன்ஸ்ட்ருமென்ட் டிராக், 8 மிடி டிராக் தருகிறார்கள்.

9. எட்டு டிராக் போதாது என்று நினைக்கும் முன் விரல் விட்டு எண்ணுங்கள். குரல் ஒன்று, தம்புரா ஒன்று, வயலின் ஒன்று, மிருதங்கத்தின் இரண்டு பக்கத்துக்கும் இரண்டு மைக் என்றாலும் ஐந்துதான். கச்சேரி பாணிப் பாட்டுக்கு இலவசப் பதிப்பே தாராளம். கோரஸை அடுக்கடுக்காகப் போடும் சினிமா பாணிக்குத்தான் இடம் பற்றாது.

10. ரீப்பரின் தள்ளுபடி லைசென்ஸ் 60 டாலர். சொந்த உபயோகத்துக்கும், வருட வருமானம் 20,000 டாலரைத் தாண்டாத சின்னத் தொழிலுக்கும் இதுவே செல்லும்; அதற்கு மேல் 225 டாலர். இரண்டுக்கும் சாஃப்ட்வேர் ஒன்றுதான், எந்த வசதியும் பூட்டி வைக்கப்படுவதில்லை. 60 நாள் முடிந்தும் அது திறக்கத்தான் செய்யும். பிடித்துப்போய் தினமும் உபயோகிக்கிறீர்கள் என்றால் காசைக் கட்டிவிடுங்கள். இவ்வளவு நம்பிக்கையாகக் கொடுப்பவர்களுக்கு நாமும் அப்படி நடந்துகொள்வதுதான் அழகு.

11. மாதச் சந்தா சின்னத் தொகையாகத்தான் தெரியும். மாதம் 500 ரூபாய் என்றால் மூன்று வருடத்தில் 18,000 ரூபாய். நிறுத்தினால் கையில் ஒன்றும் மிஞ்சாது. ஒருமுறை கட்டும் விலையைப் பக்கத்தில் எழுதி வைத்து, மூன்று வருடக் கணக்கில் ஒப்பிடுங்கள்.

12. டாலர் விலையை ரூபாயாக்கும்போது 18 சதவீத ஜிஎஸ்டியும், கார்டுக்கு வங்கி பிடிக்கும் அந்நியச் செலாவணிக் கட்டணமும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். வங்கி ஆப்பில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையை வாங்கும் அன்று மட்டும் திறந்துவிட்டு, வேலை முடிந்ததும் மூடிவிடுவது நிம்மதி.

13. நவம்பர் கடைசியில் இந்த சாஃப்ட்வேர்கள் பலவும் தள்ளுபடிக்கு வரும். அவசரமில்லை என்றால் ஆடி முதல் ட்ரையல் பார்த்து முடித்துவிட்டு, கார்த்திகையில் வாங்கலாம்.

14. வீட்டில் பள்ளி, கல்லூரி போகிற பிள்ளை இருந்தால் மாணவர் விலை உண்டா என்று முதலில் பாருங்கள். ஏபிள்டன், கியூபேஸ் இரண்டுக்குமே உண்டு. அடையாள அட்டையைத் தெளிவாகப் படமெடுத்து வைத்துக்கொண்டால் அரை மணி நேர வேலை.

15. அப்டேட்டுக்கு என்ன செலவு என்பதையும் இப்போதே கேட்டுவிடுங்கள். எஃப்எல் ஸ்டுடியோவை ஒருமுறை வாங்கினால் ஆயுள் முழுக்கப் புதுப் பதிப்புகள் இலவசம். வேறு பலவற்றில் பெரிய பதிப்பு வரும்போதெல்லாம் தனியாகக் கட்ட வேண்டும்.

16. ‘கிராக்’ செய்த சாஃப்ட்வேர் வேண்டவே வேண்டாம், ப்ளீஸ். வைரஸ் வந்து குடும்பப் படங்களோடு மொத்த கம்ப்யூட்டரும் போனால் எந்த மிச்சமும் மிச்சமில்லை. இத்தனை இலவசங்கள் நேர்மையாகவே கிடைக்கும்போது அந்தப் பக்கம் போக அவசியமே இல்லை.

17. லேட்டன்சிதான் முதல் சோதனை. ஹெட்போன் போட்டுக்கொண்டு மைக்கில் ஒரு ‘ஸ’ பிடித்துப் பாருங்கள். குரல் கிணற்றுக்குள்ளிருந்து திரும்பி வருவதுபோல் தாமதித்துக் கேட்டால் பாடகர் தடுமாறிவிடுவார். பஃபரை 128 சாம்பிளுக்குக் குறையுங்கள். 48 கிலோஹெர்ட்ஸில் அது 3 மில்லி செகண்டுக்கும் குறைவு. அதே 1024 என்றால் 21-க்கு மேல். போக வர இரண்டையும் சேர்த்தால் இன்னும் கூடும். பாடும்போது 128, மிக்ஸ் செய்யும்போது 1024 என்று மாற்றிக்கொள்வதை ஒரு பழக்கமாக்குங்கள். அந்த செட்டிங் எத்தனை கிளிக்கில் கைக்கு வருகிறது என்பதையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

18. விண்டோஸில் தாமதம் குறையவில்லை என்றால் சாஃப்ட்வேரைக் குறை சொல்லும் முன் டிரைவரைப் பாருங்கள். இன்டர்ஃபேஸ் நிறுவனத்தின் சொந்த ஏஎஸ்ஐஓ டிரைவரைப் போட்டாலே பாதிப் பிரச்னை தீரும். இன்டர்ஃபேஸ் இல்லாதவர்களுக்கு ஏஎஸ்ஐஓ4ஆல் என்ற இலவச டிரைவர் இருக்கிறது.

19. புளூடூத் ஹெட்போனை இந்த வேலைக்கு எடுக்கவே எடுக்காதீர்கள். எந்த சாஃப்ட்வேராக இருந்தாலும் அதில் தாமதம் இருந்தே தீரும். 300 ரூபாய் வயர் இயர்போன் அதைவிட மேல்.

20. பதிந்த குரல் தாளத்துக்குச் சரியாக உட்காருகிறதா என்று பார்க்க எளிய வழி: மெட்ரோனோம் சத்தத்தை ஒரு டிராக்கில் பதிந்து, அதை ஓடவிட்டு, இயர்போனை மைக்கோடு ஒட்டிப் பிடித்து வேறொரு டிராக்கில் பதியுங்கள். இரண்டையும் பெரிதாக்கிப் பார்த்தால் முனைகள் ஒன்றுக்குக் கீழ் ஒன்று நேராக நிற்க வேண்டும். தள்ளி நின்றால் செட்டிங்கில் ரெக்கார்டிங் ஆஃப்செட் மாற்றும் இடம் இருக்கிறதா என்று தேடுங்கள். பாடியவர் மேல் பழி போடுவது இதனால் மிச்சம். எங்கள் வீட்டில் ஒரு வாரச் சண்டையே இதில்தான் தீர்ந்தது.

21. உங்கள் லேப்டாப் எவ்வளவு தாங்கும் என்றும் பாருங்கள். ஒரு குரல் டிராக்கில் ரிவர்ப் போட்டு, அதை நகலெடுத்து அடுக்கிக்கொண்டே போங்கள். சடசடவென்று சத்தம் வரும்போது எத்தனை டிராக் என்று குறித்துக்கொள்ளுங்கள். எல்லா சாஃப்ட்வேரிலும் அதே பிளக்-இன், அதே பஃபர், சார்ஜர் செருகிய நிலை என்று வைத்தால்தான் கணக்கு சரியாக வரும்.

22. சரணத்தில் ஒரே ஒரு வரி பிசகிவிட்டது. அந்த வரியை மட்டும் மறுபடி பாடிச் சேர்க்க எத்தனை கிளிக்? எங்கள் தேர்வில் இந்தக் கேள்விதான் முடிவைச் சொன்னது. ஒன்றில் நான்கு கிளிக், இன்னொன்றில் பதினொன்று. ஒரு நாளைக்கு முப்பது தடவை செய்கிற வேலை இது.

23. பல்லவியை நான்கு முறை பாடி, நன்றாக வந்த வரிகளை மட்டும் பொறுக்கிச் சேர்க்கும் வசதி இருக்கிறதா என்றும் பாருங்கள். டேக்குகள் ஒன்றின்கீழ் ஒன்றாக விரிந்து, விரலால் இழுத்தாலே சேர வேண்டும். இந்த வசதி சரியாக இருந்தால் குழந்தைகளின் தொண்டையும் பிழைக்கும்.

24. கர்நாடக சங்கீதம் பாடுகிற வீடுகளுக்கு இது முக்கியம். சுருதி திருத்தும் கருவியை, ஆடும் ஸ்வரம் உள்ள ராகத்தில் சோதியுங்கள். மகள் தோடியில் நாலு வரி பாடினாள். திருத்தியை முழு வேகத்தில் வைத்ததும், ரிஷபத்துக்கும் மத்யமத்துக்கும் நடுவே ஊஞ்சலாடிய காந்தாரம் படிக்கட்டு ஏறி இறங்குவதுபோல் வெட்டி வெட்டி நின்றது, ராகமே போய்விட்டது. கருவி தப்பு செய்யவில்லை, பக்கத்தில் இருக்கும் கீபோர்டு ஸ்வரத்துக்கு இழுப்பதுதான் அதன் வேலை. ஆகவே தானாகத் திருத்துவதை அணைத்துவிட்டு, ஒரு குறிப்பிட்ட ஸ்வரத்தை மட்டும் கையால் பிடித்து லேசாக நகர்த்த முடிகிறதா என்று பாருங்கள். கியூபேஸ் ப்ரோவில் வேரிஆடியோ, லாஜிக்கில் ஃப்ளெக்ஸ் பிட்ச் இந்த வேலைக்கு. கமகத்தைத் தொடாமல், நிற்கும் ஸட்ஜத்தையும் பஞ்சமத்தையும் மட்டும் சரிசெய்தால் பாட்டு பாட்டாகவே இருக்கும்.

25. கீபோர்டில் வீணை, புல்லாங்குழல் வாசிப்பவர்கள் பிட்ச் பெண்ட் சக்கரத்தின் அளவை மாற்ற முடிகிறதா என்று பார்க்க வேண்டும். பெரும்பாலும் இரண்டு அரைஸ்வரத்தில் பூட்டி வரும். ஐந்து, ஏழு என்று விரித்தால்தான் ஜாரு வரும். ஏபிள்டன் லைவ் 12-ல் ஸ்வர இடைவெளிகளையே மாற்றி அமைக்கும் வசதியும் வந்திருக்கிறது.

26. தாளம் போடச் சொல்லிப் பாருங்கள். மிஸ்ர சாபுவுக்கு 7/8, கண்ட சாபுவுக்கு 5/8 என்று மெட்ரோனோமை வைக்க முடிய வேண்டும். ரீப்பர், லாஜிக் போன்றவற்றில் சிரமமில்லை. ஐபோன் கராஜ்பேண்டில் 4/4, 3/4, 6/8 மட்டும்தான், அதனால் ஆதி தாளத்துக்கு அது போதும்.

27. ஆலாபனை, விருத்தம் பதியும்போது மெட்ரோனோமையும், கட்டத்துக்கு ஒட்டும் ‘ஸ்னாப்’பையும் அணைத்துவிடுங்கள். அணைக்கும் பொத்தான் கண்ணெதிரே இருக்கும் சாஃப்ட்வேருக்கு ஒரு மார்க் கூடப் போடலாம்.

28. ஐந்து கட்டையில் பதிந்த கரோகி, மகளுக்கு ஐந்தரை வேண்டும் என்கிறாளா? வேகம் மாறாமல் அரைக் கட்டை ஏற்றிப் பாருங்கள். வயலின் கரகரக்காமல் வந்தால் அந்த சாஃப்ட்வேர் தேறியது. தம்புரா மட்டும் ஏற்றி இறக்காமல் ஆப்பிலிருந்து புதிதாகவே பதிந்துகொள்வது நல்லது.

29. “இந்த சாஃப்ட்வேர்ல சவுண்டே வேற மாதிரி இருக்கு” என்று யாராவது சொன்னால் உடனே பர்ஸை எடுக்காதீர்கள். ஒரே வேவ் ஃபைலை எஃபெக்ட் எதுவும் போடாமல், ஒரே சத்த அளவில் எல்லாவற்றிலும் ஓட்டினால் ஒன்றுபோலவே கேட்கும். கொஞ்சம் சத்தம் கூட இருப்பது நம் காதுக்கு நன்றாக இருப்பதாகத் தோன்றும், அவ்வளவுதான்.

30. பிளக்-இன் வாங்கும் முன் எந்த வகை வேலை செய்யும் என்று பாருங்கள். லாஜிக் ஏயு வகையைத்தான் எடுக்கும், ப்ரோ டூல்ஸ் ஏஏஎக்ஸ் வகையை. மற்றவை பெரும்பாலும் விஎஸ்டி. நாளை சாஃப்ட்வேரை மாற்றினாலும் கூடவே வருமா என்று யோசித்து வாங்குங்கள்.

31. கூட வரும் வாத்தியங்களுக்காக மட்டும் விலை கூடிய பதிப்புக்குப் போக வேண்டாம். வைட்டல் சிந்தசைசர், ஸ்பிட்ஃபயர் லேப்ஸ் வாத்தியங்கள், டிடிஆர் நோவா ஈக்யூ, வால்ஹல்லா சூப்பர்மாசிவ் ரிவர்ப் எல்லாமே இலவசமாகக் கிடைப்பவை. ரீப்பரில் வாத்தியங்கள் அதிகம் இருக்காது; இந்த நான்கைச் சேர்த்தால் அந்தக் குறை தெரியாது.

32. இறக்கும் அளவைப் பார்த்துவிட்டு டவுன்லோடு போடுங்கள். சிலவற்றின் முழுச் சவுண்ட் லைப்ரரி பல பத்து ஜிபி வரும். மொபைல் டேட்டா ஒரே ராத்திரியில் தீர்ந்துவிடும். முதலில் சாஃப்ட்வேரை மட்டும், பிறகு வேண்டிய வாத்தியத்தை மட்டும் இறக்குங்கள்.

33. இடக் கணக்கு: 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸில் ஒரு மைக் ஒரு நிமிடத்துக்கு 8.6 எம்பி பிடிக்கும், ஒரு மணி நேரத்துக்கு 520 எம்பி அளவுக்கு. பாடாமல் அரட்டை அடித்த பகுதிகளை அன்றன்றே அழித்துவிட்டால் புது ஹார்டு டிஸ்க் வாங்கும் நாள் தள்ளிப்போகும்.

34. கரண்ட் போனால் என்ன ஆகும்? பிளக்கைப் பிடுங்க வேண்டாம்; பாதிப் பதிவில் டாஸ்க் மேனேஜரில் போய் சாஃப்ட்வேரை மூடிவிட்டு, திரும்பத் திறந்து பாருங்கள். பாடியது எவ்வளவு திரும்பக் கிடைக்கிறது என்பது அப்போதே தெரிந்துவிடும். தானாகச் சேமிக்கும் இடைவெளியை ஐந்து நிமிடமாக வைத்துக்கொள்ளுங்கள்.

35. பதிந்த ஃபைல்கள் எல்லாம் அந்தப் பாட்டின் ஃபோல்டருக்குள்ளேயே விழும்படி முதல் நாளே செட் செய்யுங்கள். ஃபோல்டர் பெயரை ஆங்கில எழுத்தில் வைத்தால் பிளக்-இன்கள் தடுமாறாது. பென் டிரைவில் ஃபோல்டரை அப்படியே நகலெடுத்து வேறு கம்ப்யூட்டரில் திறந்து பார்த்தால், ஏதாவது விடுபட்டிருந்தால் காட்டிக்கொடுத்துவிடும்.

36. முடிந்த பாட்டு ஒவ்வொன்றையும் டிராக் டிராக்காக, எல்லாம் ஒரே தொடக்கத்திலிருந்து வேவ் ஃபைலாக எடுத்து வையுங்கள். 2017-ல் கேக்வாக் சாஃப்ட்வேரைக் கிப்சன் நிறுவனம் நிறுத்தியபோது எத்தனையோ பேர் தவித்தார்கள். 2018-ல் பேண்ட்லேப் அதை வாங்கி இலவசமாகவே கொடுத்தது அவர்கள் அதிர்ஷ்டம். வேவ் ஃபைல் கையில் இருந்தால் எந்த சாஃப்ட்வேர் நின்றாலும் நம் பாட்டு நிற்காது. மிருதங்கக்காரர் வேறு ஊரில் இருந்து வாசித்து அனுப்புவதற்கும் இதே ஃபைல்தான் உதவும்.

37. உங்கள் தெருவிலோ சொந்தத்திலோ யார் எதை உபயோகிக்கிறார்கள் என்று விசாரியுங்கள். ராத்திரி ஒன்பது மணிக்கு சத்தம் வரவில்லை என்றால், “அண்ணா, இதைக் கொஞ்சம் பாருங்களேன்” என்று போன் போட ஒரு ஆள் இருப்பது, பத்து வசதி கூட இருப்பதைவிடப் பெரிது.

38. இரண்டு சாஃப்ட்வேருக்கும் நடுவே ஒப்பிடும் பதிவுகளை ஒரே நாளில், ஒரே நேரத்தில் எடுங்கள். எங்களுடைய ஒரு பதிவில் ஃபேன் இரைச்சல், இன்னொன்றில் கீழே குக்கர் மூன்று விசில்; அதை வைத்து எதை முடிவு செய்வது? ஃபேனை நிறுத்தி, பாடுபவர் முதுகுக்குப் பின்னால் ரஜாயைக் கொடியில் தொங்கவிட்டு, அடுப்படிக்கும் சொல்லிவிட்டு ஆரம்பியுங்கள்.

39. லைசென்ஸ் எத்தனை கம்ப்யூட்டருக்குச் செல்லும் என்று பாருங்கள்: ஏபிள்டன் லைவில் இரண்டு, கியூபேஸில் மூன்று. அண்ணன் தங்கை இருவரும் தனித்தனி லேப்டாப் வைத்திருந்தால், தனியாக இன்னொன்று வாங்கும் முன் விதியைப் படித்துவிடுங்கள். லைசென்ஸ் வந்த மெயிலை ஒரு பிரிண்ட் எடுத்து, ரேஷன் கார்டு இருக்கும் ஃபைலிலேயே போட்டுவிடுங்கள்.

40. முடித்த பாட்டை ஊரில் இருக்கும் பாட்டிக்கு அனுப்பும்போது வாட்ஸ்அப்பில் வாய்ஸ் மெசேஜாக வேண்டாம். டாக்குமென்டாக இணைத்து அனுப்புங்கள், தரம் குறையாமல் போய்ச் சேரும். எங்கள் பாட்டி கேட்டுவிட்டு, “ரெண்டாவது வரியில தம்புரா கொஞ்சம் கம்மியா இருக்கே கண்ணு” என்றார். திறந்து பார்த்தோம், அங்கே நிஜமாகவே இறங்கித்தான் இருந்தது.